சாளரத்தில் தெரிந்த குன்று

தம் மனத்தைக் கவர்ந்த கதைமாந்தரைத் தம் கையாலேயே வரைந்து மகிழும் வழக்கம் இன்று இளைஞரிடையே பெருகியிருக்கிறது. தொலைக்காட்சியில் வரும் துப்பறியும் நாடகங்கள் இதற்குப் பெரிதும் இடந்தருகின்றன. இரசிகர் வரையும் இச்சித்திரங்களை எவ்வாறு சுவைப்பது?

1993-ஆம் ஆண்டு தூர்தர்ஷனில் ‘ப்யோம்கேஷ் பக்ஷி’ என்னும் இந்தி நாடகம் தொடராக வந்தது. பாசு சாட்டர்ஜி இயக்கினார். ரஜித் கபூர் துப்பறிவாளராகத் தோன்றினார். தமிழ்நாட்டில் பள்ளி மாணவராயிருந்த நாம், ஒரு சொல்லும் விளங்காமலே அதனைக் கண்டு களித்தோம். 2020-இல் ஊரடங்கின்போது அது மீண்டும் ஒளிபரப்பாயிற்று. இந்தியை மொழிபெயர்ப்பதே தொழிலாகிவிட்ட நாம், இம்முறை புனேயில் நம் மகளோடு அமர்ந்து பார்த்தோம்.

அவள் ஒரு படம் வரைந்தாள். வேட்டியும் ஜிப்பாவும் அணிந்த ப்யோம்கேஷ் நாற்காலியில் சிந்தனையில் ஆழ்ந்திருக்கிறார். பின்னே ஒரு சாளரம், சாளரத்தில் ஒரு குன்று, குன்றின்மேல் கோயில். நம் பர்வதிக் குன்றேதான்! “கல்கத்தாவில் குன்று ஏதம்மா? டிராம் வண்டியல்லவா தெரிய வேண்டும்?” என்றோம். மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்தும் அலுவலகக் கை, வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. அவள் முகம் வாடிற்று. படத்தைச் சுருட்டி வைத்துவிட்டாள்.

பின்னரே ஒன்றைப் படித்தறிந்தோம். ப்யோம்கேஷைப் படைத்த வங்க எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்யாயர் ஜௌன்பூரில் பிறந்தவர். பம்பாயில் திரைப்படங்களுக்கு எழுதியவர். 1952-இல் புனேக்கு வந்து எழுத்திலேயே முழுதும் ஈடுபட்டவர். ப்யோம்கேஷின் பிற்காலக் கதைகள் பல அவருடைய புனே வாழ்க்கையின்போது பிறந்தவை. 1970-இல் அவர் மறைந்தபோது ஒரு கதை முடிவுறாமலே நின்றது. கல்கத்தாவை அவர் மனத்தில் கண்டு எழுதியபோது, சாளரத்துக்கு வெளியே இருந்தது இவ்வூரன்றோ? நாம் பிழையென்று தள்ளியதில் ஓர் உண்மை ஒளிந்திருந்தது.

பிறநாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. ஷெர்லக் ஹோம்ஸ் என்றதும் நம் கண்முன் நிற்கும் வேட்டைத் தொப்பியின் பெயரைக் கோனன் டாயில் எழுதவில்லை. ஒரு கதையில் அவர் தலையோடு ஒட்டிய துணித்தொப்பி என்று மட்டுமே குறித்தார். 1891-இல் அதற்குப் படம் வரைந்த சிட்னி பேஜெட் அவ்வுருவத்தைத் தந்தார். பேஜெட் பத்திரிகைக்கு வரைந்த ஓவியர்; நம் மகளோ வெறும் இரசிகை. ஆயினும் கதையைத் தம் கண்ணால் காண்பதில் இருவரும் ஒன்றே.

ஆகவே இரசிகரின் சித்திரத்தைப் பார்க்கும்போது, ‘நாடகத்தில் உள்ளபடி இருக்கிறதா?’ என்பதோடு நின்றுவிடலாகாது. ‘வரைந்தவர் எதைக் கண்டார்?’ என்றும் வினவ வேண்டும். பிறமாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகள் காவிரிக் கதையை வரைந்தால், கரையில் சகியாத்திரி மலை எழக்கூடும். அழிப்பானை எடுக்குமுன் காரணத்தைக் கேட்போம்.

அந்தப் படத்தை நாமே கேட்டு வாங்கினோம். எளிதில் தரவில்லை, நம் தவற்றை ஒப்புக்கொண்ட பிறகே தந்தாள். இன்று அது நம் கூடத்துச் சுவரில், மெய்யான சாளரத்துக்கு அருகிலேயே தொங்குகிறது.