கடல் கடந்த குற்றமும் நமது காவல் நிலையமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் சட்டம் பயின்றவர் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்தவர். ஆயினும் இன்று சட்டத்தைப் பற்றிச் சில சொல்லத் துணிகின்றோம். கைத்தொலைபேசி இல்லாத இல்லம் நமது காலனியில் இல்லை. அதன் வழியே அயல்நாட்டிலிருந்து ஒருவன் நம்மை ஏமாற்றினால், அவனை எந்த நாட்டுச் சட்டம் விசாரிக்கும்?

நமக்குப் பழகிய இரயிலிலிருந்தே தொடங்குவோம். சென்னையிலிருந்து டில்லி செல்லும் வண்டியில் ஒரு பெட்டி களவு போகிறது. விஜயவாடாவிலா, நாகபுரியிலா, போபாலிலா? எவர் அறிவார்! அதனால் வழக்கு வீழ்ந்துவிடுவதில்லை. பயணத்தில் நிகழ்ந்த குற்றத்தை, அப்பயணம் கடந்து சென்ற எந்த ஊர் நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்பது நமது நாட்டுச் சட்டம்.

நாடுகளுக்கிடையிலும் இத்தகைய வினா எழுந்ததுண்டு. 1926-இல் 'லோட்டஸ்' என்னும் பிரெஞ்சுக் கப்பல் நடுக்கடலில் துருக்கிக் கப்பலொன்றின்மீது மோத, துருக்கியர் எண்மர் மாண்டனர். பிரெஞ்சு அதிகாரியைத் துருக்கி விசாரித்தது முறையா என்று வழக்கு எழுந்தது. 1927-இல் அனைத்துலக நீதிமன்றம் முறையே என்றது. தீங்கு விளைந்த இடம் துருக்கிக் கப்பல் அன்றோ! கப்பல் மோதலுக்குப் பிற்காலத்தில் வேறு விதி வகுத்தனர். எனினும், தீங்கு விளைந்த இடத்துக்கும் உரிமை உண்டு என்னும் கருத்து நிலைத்துவிட்டது.

நமது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, அக்கருத்தையே மேற்கொண்டது. குற்றம் புரிந்தவன் எந்நாட்டவனாயினும், எங்கிருந்து புரிந்தாலும், இந்தியாவில் உள்ள கணினியோ கணினி வலைப்பின்னலோ அதில் தொடர்புற்றிருந்தால் இச்சட்டம் செல்லும் என்று அதன் 75-ஆம் பிரிவு கூறுகிறது.

சட்டம் செல்லும், ஆனால் கை எட்டுமா? 2000 மே மாதத்தில் காதல் கடிதம் என்னும் போர்வையில் ஒரு கணினி நச்சுநிரல் உலகெங்கும் பரவிப் பெருநட்டம் விளைவித்தது. அது பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து கிளம்பியது என்று கண்டறிந்தனர். ஆயின், அச்செயலைக் குற்றமாக்கும் சட்டம் அன்று அந்நாட்டில் இல்லை. அடுத்த மாதமே சட்டம் இயற்றினர். நடந்து முடிந்ததற்கு அது செல்லாதாகையால் வழக்குக் கைவிடப்பட்டது. இரு நாட்டிலும் குற்றமாய் இருப்பதற்கே ஒருவனைப் பிடித்து ஒப்படைப்பது பொதுவழக்கம். ஒரு நாட்டின் சட்டத்துக்கு மற்றொரு நாட்டின் துணை வேண்டும் என்பதை உலகம் அன்று உணர்ந்தது. 2024 டிசம்பர் 24 அன்று ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை கணினிக் குற்றங்களுக்கு எதிரான உடன்படிக்கையை ஏற்றது. 40 நாடுகள் உறுதி செய்த பின்னரே அது நடைமுறைக்கு வரும் என்பது அதன் விதி.

அன்பர்களே! அதுவரை நாம் கைகட்டி இருப்பதா? கம்போடியாவிலும் மியன்மாரிலும் கூடாரமிட்ட கூட்டங்கள் காவல் அதிகாரிபோல் திரையில் தோன்றி, 'டிஜிட்டல் கைது' என்று முதியோரை மிரட்டிப் பொருள் பறிக்கின்றன. அப்படியொரு கைது நமது சட்டத்தில் இல்லவே இல்லை. பொருளை இழந்தோர் பலர், "திருடன் கடலுக்கு அப்பால், நமக்கோ ஊரும் அயல், மொழியும் அயல், யாரிடம் முறையிடுவது?" என்று வாளாவிருந்து விடுகின்றனர். அது வேண்டா. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எங்கு நிகழ்ந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் முறையிடலாம். வஞ்சகச் செய்தி புறப்பட்ட இடத்து நீதிமன்றம் மட்டுமன்று, அது வந்து சேர்ந்த இடத்து நீதிமன்றமும் விசாரிக்கலாம். பணம் போனதாயின் 1930 என்னும் எண்ணுக்கு உடனே சொல்லுதல் வேண்டும். திருடன் எட்டாத தொலைவில் இருப்பினும், பணம் முதலில் நம் நாட்டு வங்கிக் கணக்குகளில் நிற்பதுண்டு. அங்கேயே அதைத் தடுத்து நிறுத்த வழியுண்டு. காலம் தாழ்த்தினால் அதுவும் கடல் கடந்துவிடும்.

இவ்வூர் மொழியில் எழுதப் பேசத் தெரிந்த இளைஞர்கள், முறையிடச் செல்லும் முதியோருக்குத் துணையாகக் காவல் நிலையம் வரை செல்வார்களாக. சங்கம் என்பது விழாவுக்கு மட்டும் அன்று; இடுக்கண் உற்றபோது உடன் நிற்பதற்கும் ஆகும்.