வாவிக்கரை வளவும் புல்வெட்டும் பொறியும்

மட்டக்களப்பு வாவியின் கரைகளுக்குப் பெயர் சூட்டியவன் கதிரவன். அவன் எழும் பக்கம் எழுவான்கரை. சாயும் பக்கம் படுவான்கரை. வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்து, தை மாத வெயில் ஏறத் தொடங்கியதும், இவ்விரு கரைகளிலும் ஒரே வேலை காத்திருக்கின்றது. வளவிலும் தென்னந்தோட்டத்திலும் வேலியோரத்திலும் முழங்காலளவு எழுந்து நிற்கும் புல்லை வெட்டியாக வேண்டும். வெட்டாது விட்டால், கண்ணாடிப் புடையன் படுத்திருக்கும் இடம் மிதித்த பின்னரே தெரியவரும். புல்லுக்குள் மறைந்து கிடக்கும் சிரட்டைகளில் நீர் தேங்கி நுளம்பு பெருகும்.

இவ்வேலைக்குத் தாக்கத்தியும் காட்டுக்கத்தியும் மண்வெட்டியும் நெடுங்காலம் போதியனவாயிருந்தன. இன்று, தோளில் வாரை மாட்டிக்கொண்டு, நீண்ட குழாயின் நுனியில் சுழலும் பொறியை வலமும் இடமுமாக வீசிச் செல்லும் மனிதனை எங்கும் காணலாம். சொந்த வளவுக்காக வாங்குவோரும் உளர். கூலிக்குப் புல் வெட்டிப் பிழைப்பதற்காகக் கடன்பட்டு வாங்குவோரும் உளர். பின்னவருக்குப் பிழையான பொறி வாய்த்தால் ஒரு பருவத்து உழைப்பே வீணாகிவிடும். எனினும் கடைக்குச் செல்வோர் பெரும்பாலும் கேட்கும் முதற் கேள்வி, “இருப்பவற்றுள் பலம் கூடியது எது?” என்பதாகவே இருக்கின்றது. முதலிற் கேட்க வேண்டியது அதுவன்று. வெட்டப்போவது புல்லா, பற்றையா? இதற்கு விடை தெரிந்தால் ஏனையவை தாமே தெளிவாகும்.

நைலோன் இழையினாற் புல் வெட்டும் பொறி பிறந்த கதை சுவையானது. 1971ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில், ஜோர்ஜ் பாலஸ் என்பவர் மோட்டார் வண்டிகளைக் கழுவும் நிலையம் ஒன்றில் நைலோன் தூரிகைகள் சுழல்வதைக் கண்டார். மரங்களின் அடியிலுள்ள புல்லை, பட்டை காயப்படாதவாறு வெட்டுவதெப்படி என்பது அவருக்கிருந்த கவலை. ஒரு தகரப் பேணியில் துளையிட்டு, மீன்பிடிக்கும் நைலோன் இழைகளை அதிற் கோத்து, தோட்டப் பொறியொன்றிற் பூட்டிச் சுழற்றினார். புல் அறுந்து வீழ்ந்தது. வாவியில் தூண்டிலிடுவோருக்கு நன்கு பழக்கமான தங்கூசிதான் இப்பொறியின் முதல் ஆயுதம் என்பதை இவ்வூரார் அறிந்து மகிழலாம். அவர் தொழில் நடனம் பயிற்றுவித்தல் என்பது மற்றொரு வியப்பு.

இழைக்குக் கூர் இல்லை. வேகமே அதன் கூர். நிமிடத்துக்குப் பல்லாயிரம் தடவை சுழலும்போது தளர்ந்த இழை கம்பிபோல் விறைத்து நின்று, இளந்தண்டை அடித்து அறுக்கின்றது. ஆகவே எழுவான்கரையின் மணற்பாங்கான வளவுகளுக்கும், மதிலோரத்துக்கும், தென்னையின் அடிக்கும் இதுவே ஏற்றது. கல்லில் பட்டாலும் இழைதான் தேயும். வீட்டு வளவுக்கு 2.4 மில்லிமீற்றர் இழை போதும். நாட்பட்டு உலர்ந்த இழை நொறுங்கும். இரவு முழுவதும் நீரில் ஊறவிட்டால் மீண்டும் துவளும். இழை அடிக்கடி அறுகின்றதென்று சினந்து, அதற்குப் பதிலாகக் கம்பியைக் கோப்போர் சிலர் உண்டு. இதைப்போலக் கொடிய செயல் வேறில்லை. அறுந்த கம்பித்துண்டு துப்பாக்கிக் குண்டைப்போற் பறக்கும்.

பாலஸ் மரப்பட்டையைக் காக்கக் கண்ட கருவியே இளமரங்களுக்குக் கூற்றுவனாகவும் ஆகிவிடுகின்றது. முதிர்ந்த தென்னை தாங்கிக்கொள்ளும். ஆனால் மா, பலாக் கன்றுகளின் மெல்லிய பட்டையை இழை ஒரே சுற்றில் உரித்துவிடும். பட்டை சுற்றிலும் உரிந்த கன்று பின்னர் பட்டுப்போகும். கன்றைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கையாற் புல் பிடுங்கி வைப்பதே அறிவுடைமை.

படுவான்கரையின் நிலை வேறு. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பகுதிகளில் வயலை ஒட்டிய மேட்டுநிலங்களில் வளர்வது வெறும் புல்லன்று. ஈச்சம்பற்றையும் நாயுண்ணியும் முட்செடிகளும் கலந்த பற்றைக்காடு. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் பொறிகள் அக்கரை சேர்வது எளிதாயிற்று. ஆயினும் எழுவான்கரை வளவுக்கென வாங்கிய சிறு பொறியை அங்கே கொண்டு சென்றால் பயனில்லை. விரல்மொத்தத் தண்டின்மேல் இழை பட்டுத் தேயுமேயன்றித் தண்டு அறாது. அங்கே வேண்டுவது எஃகுத் தகடு: அடர்ந்த புல்லுக்கும் சிறு பற்றைக்கும் மூன்று பல் தகடு, தடித்த தண்டுகளுக்கு வாள்போற் பல் வெட்டிய வட்டத் தகடு.

தகடு பூட்ட எண்ணுவோர் குழாயைக் கவனிக்க வேண்டும். வளைந்த குழாயுள்ள சிறு பொறிகளில் விசையைக் கடத்துவது வளையும் முறுக்குக் கம்பி. அவை பொதுவாக இழைக்கு மட்டுமே உரியவை. நேர்க்குழாயும், அதன் நுனியிற் பற்சில்லுப் பெட்டியும், மாட்டுக்கொம்புபோல் இருபக்கமும் விரிந்த கைப்பிடியும் உள்ள பொறியே தகட்டுக்கு ஏற்றது. வளவுக்கு 25 முதல் 30 கன சென்ரிமீற்றர் எஞ்சின் தாராளம். பற்றைக்கு 40 அளவில் வேண்டும். அதற்கு மேற்பட்ட பலம் பெரும்பாலும் தோளுக்குப் பாரமே. நாள் முழுதும் வேலை செய்வோர் ஒற்றை வாரை விடுத்து இரு தோள் வாருள்ளதை வாங்குதல் நன்று. எஞ்சினின் அதிர்வை நீண்டகாலம் தாங்கும் கைகளில் விரல்கள் மரத்துப்போகும். ஆகவே வாங்குமுன் கடை வாசலிலேயே பொறியை ஓடவிட்டுப் பிடித்துப் பார்த்தல் வெட்கத்துக்குரியதன்று.

எரிபொருளைப் பற்றியும் சிறிது சிந்திக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்குப் பற்றரிப் பொறியின் ஆசை எழுந்தது இயல்பே. ஓசையும் புகையும் குறைந்த அது சிறு வளவுக்கு நல்ல துணை. ஆனால் பற்றைக்காட்டின் நடுவே மின்னேற்ற வழியில்லை. மாற்றுப் பற்றரியின் விலையும் சிறிதன்று. கூலி வேலைக்குப் பெற்றோல் பொறியே இன்னும் கைகொடுக்கின்றது. ஈரடிப்பு எஞ்சினாயின் பெற்றோலில் எண்ணெய் கலக்க வேண்டும். ஐம்பதுக்கு ஒன்று எனப் பொறியின் கையேடு கூறினால் ஐந்து லீற்றருக்கு நூறு மில்லிலீற்றர்; இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் அதன் இருமடங்கு. கண்மதிப்பாக ஊற்றுவோரின் பொறி ஒன்றில் புகைந்து அடைக்கும், அல்லது எண்ணெயின்றி இறுகி நின்றுவிடும்.

கண்ணாடியும் நீண்ட காற்சட்டையும் சப்பாத்தும் இன்றி இப்பொறியைத் தொடலாகாது. செருப்புடன் புல் வெட்டும் காட்சி இப்பகுதியிற் சாதாரணம். அதற்காக அது சரியாகிவிடாது. சுழலும் முனையிற்பட்ட சிறுகல் கண்ணைக் குருடாக்க வல்லது. பதினைந்து மீற்றருக்குள் பிள்ளைகளோ கால்நடைகளோ வரக்கூடாது. தகடு பூட்டியபோது இன்னொரு ஆபத்தும் உண்டு. பெரும்பாலான பொறிகளில் தகடு மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த்திசையிற் சுழல்வதால், அதன் முன்புற வலப்பகுதி கட்டையிற் பட்டால் பொறி முழுவதும் வலப்பக்கமாகத் துள்ளி எறியப்படும். இடப்பகுதியாலேயே வெட்டப் பழக வேண்டும்.

எந்தப் பொறியாலும் முடியாதவையும் உண்டு. கோரையின் கிழங்கும் இலுக்கின் வேர்த்தண்டும் மண்ணுக்குள் இருக்கின்றன. மேலே வெட்டிய சில நாட்களில் மீண்டும் முளைக்கும். இலுக்குக்குத் தீ வைத்தால் முன்னிலும் செழித்து எழும். அவற்றுக்கு மண்வெட்டியைத்தான் எடுக்க வேண்டும்.

வாவியின் நீரோரமும் பொறிக்கு உரிய இடமன்று. தேயும் இழை எங்கே போகின்றது என்று எவரும் எண்ணுவதில்லை. அது நுண்துண்டுகளாகி அங்கேயே சிதறுகின்றது. மழை வந்தால் வாவியில் விழுந்து மீன் வளரும் சேற்றில் தங்குகின்றது. நைலோன் எளிதில் உக்குவதில்லை. மேலும், கரையோரத்தில் ஓரடி உயரத்தில் நிற்கும் கண்டற் கன்று, ஓடும் பொறியின் முன் புல்லினின்றும் வேறாகத் தெரியாது. நீர்விளிம்பிலிருந்து சில பாகம் விட்டு எஞ்சினை நிறுத்திவிட்டு, எஞ்சியதைத் தாக்கத்தியால் அறுப்பவர்கள் இன்றும் உள்ளனர். அந்த வேலைக்கு ஒரு காலைப்பொழுது போதும்.