உதவியாளர் ஆசிரியராகும் வழி



திருச்செந்தூரை ஒட்டி வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என நீளும் கடற்கரையிலும், உடன்குடிப் பனங்காடுகளிலும், ஆறுமுகனேரி உப்பளங்களிலும் உழைத்து வாழும் குடும்பங்கள் பல. மூளை முடக்குவாதத்தோடோ அறிவுசார் வளர்ச்சிக் குறைபாட்டோடோ ஒரு குழந்தை அத்தகைய வீட்டில் பிறந்துவிட்டால், தாய் வேலைக்குப் புறப்படுமுன் அதனை ஒருவர் கையில் ஒப்படைத்தாக வேண்டும். பள்ளி வாயிலில் அக்குழந்தையை வாங்கிக்கொள்ளும் கை பெரும்பாலும் ஆசிரியருடையதன்று. ‘ஆயா’ என்றும் ‘உதவியாளர்’ என்றும் அழைக்கப்படும் பெண்ணுடையது.

அப்பெண்ணின் பணியைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். வாயோரம் வழியும் எச்சிலைத் துடைப்பதும், கழிவறைக்குத் தூக்கிச் செல்வதும், விழுங்க இயலாத குழந்தைக்குச் சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டுவதும் அவரே. வலிப்பு வருமுன் முகத்தில் தோன்றும் மாற்றத்தை முதலில் உணர்பவரும், பேச்சு வராத பிள்ளை கண்ணை எங்கே திருப்பினால் தண்ணீர் கேட்கிறது என்பதை அறிந்தவரும் அவரே. ஒரு குழந்தை கரண்டியைத் தானே பிடிக்கப் பல மாதங்கள் ஆகலாம். அத்தனை மாதங்களும் அதன் விரல்களைத் தம் விரல்களால் மூடிப் பழக்கியவர் செய்தது கற்பித்தல் அன்றி வேறென்ன?

ஆயினும் சட்டத்தின் முன் அவர் ஆசிரியர் அல்லர். 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டப்படி, ஏற்பளிக்கப்பட்ட படிப்பை முடித்து மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் பதிந்தவரே சிறப்புக் கல்வி ஆசிரியராகப் பணியாற்றலாம். மீறுவோர்க்கு ஓராண்டு வரை சிறையோ, ரூ.1,000 வரை தண்டமோ, இரண்டுமோ உண்டு. இச்சட்டம் கடுமையானது என்பாரும் உளர். அன்பு மட்டும் போதுமென்றால் தாய்மார் அனைவரும் சிறப்பாசிரியரே. இறுகிய தசையை முறையறியாது இழுத்தால் குழந்தைக்குத் தீங்கு விளையும். படுத்த நிலையில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் புகக்கூடும். ஆகவே சான்று கேட்பது தவறன்று. அதனைப் பெறும் வழியை எட்டாத் தொலைவில் வைத்திருப்பதே தவறு.

ஆசிரியர் இலக்கணம் வகுத்த பவணந்தி முனிவர், ஆசிரியராகத் தகாதவர்க்குக் கூறும் உவமைகளுள் பருத்திக் குண்டிகையும் ஒன்று. பஞ்சைச் சிறிது சிறிதாக அடைத்துச் சிறிது சிறிதாகவே எடுக்க வேண்டிய குடுக்கை அது. சிறப்புக் கல்வியிலோ இக்குறையே நிறைவாகிறது. பல் துலக்குதல் என்னும் ஒரே செயலைத் தூரிகையை எடுத்தல், பற்பசையைத் திறத்தல், பிதுக்குதல் எனப் பல படிகளாகப் பகுத்து, ஒரு படி கைவந்த பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். இதனைச் செயல் பகுப்பு என்பர். நல்லாசிரியர்க்கு அம்முனிவர் சொன்ன நிலத்தின் பொறுமை இங்கேதான் முழுதும் தேவைப்படுகிறது. அப்பொறுமை உதவியாளரிடம் முன்னரே உண்டு. பகுக்கும் முறையும் பதிவு செய்யும் முறையுமே அவர் கற்க வேண்டியவை.

பெண் ஆசிரியராவது இம்மாவட்டத்துக்குப் புதிதுமன்று. தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலைப் பாறையில், குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் மாணாக்கர் பெயர்களும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பொறிக்கப்பட்டு நிற்கின்றன.

இன்றுள்ள தடை யாது? சிறப்புக் கல்விப் பட்டயப் படிப்பு இரண்டாண்டு. மேல்நிலைத் தேர்ச்சி வேண்டும். பத்தாம் வகுப்போடு நின்றவர் முதலில் தனித்தேர்வராகவோ திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ அதனை முடிக்க வேண்டும். பின்னர் நாள்தோறும் வகுப்பு, செய்முறைப் பயிற்சி. கல்லூரி தேடித் திருநெல்வேலி வரை செல்வதென்றால் ரயிலில் 60 கிலோமீட்டர். இவற்றையெல்லாம் விடப் பெரிது, அவ்விரண்டாண்டும் ஊதியம் நின்றுபோவது. குறைந்த ஊதியமே ஆயினும் அதனை நம்பியே அவர் வீட்டில் உலை வைக்கப்படுகிறது.

ஆசிரியர்க்குத் தேவையோ மிகுதி. தொடக்க வகுப்புகளில் இத்தகைய பிள்ளைகள் பதின்மர்க்கு ஒருவர், மேல்வகுப்புகளில் பதினைவர்க்கு ஒருவர் எனச் சிறப்பாசிரியர் இருத்தல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் கூறியது. பணியிடங்களை அறிவிக்குமாறு 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. அக்கதவு திறக்கும்போதும் உரிய தகுதி பெற்றவரே உள்ளே செல்ல இயலும்.

நியூயார்க் நகரில் வகுப்பறை உதவியாளர்கள் சங்கமாகத் திரண்டு 1970இல் பெற்ற ஒப்பந்தம், ஊதிய உயர்வோடு கல்லூரிப் படிப்புக்கும் வழிசெய்தது. வேலையை விடாமலே படித்துப் பலர் ஆசிரியராயினர். அத்தனை தொலைவு போவானேன்? தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில், கடற்படைத் தேர்வின்போது 1975இல் முதுகுத்தண்டில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். வீடுதேடிச் சென்று குழந்தைகளுக்குப் பயிற்சியளிக்கும் பணிக்கு உள்ளூர்ப் பெண்களையே அச்சங்கம் பழக்கி ஆயத்தம் செய்கிறது.

அறவோர் அறிந்த தானம் நான்கு: உணவு, மருந்து, நூல், அபயம். பிறந்தநாளிலும் நினைவுநாளிலும் சிறப்புப் பள்ளிக்கு மதிய உணவு வழங்கும் குடும்பங்கள் இவ்வவையிலும் பல. அவ்விலையைப் பரிமாறும் பெண்ணின் படிப்புக்கு உதவ முன்வந்தோர் சிலரே. சாத்திர தானம் என்பது ஏட்டுச்சுவடி அளிப்பதோடு முடிந்துவிடுமா?

அறக்கட்டளை ஆண்டுக்கு ஓர் உதவியாளரைத் தேர்ந்தாலும் போதும். கல்விக் கட்டணம் மட்டும் தந்தால் அவரால் படிக்க இயலாது. பயணச் செலவும், நின்றுபோகும் ஊதியமும் மாதந்தோறும் அவர் கைக்குச் சேர வேண்டும். அவர் கல்லூரிக்குச் செல்லும் காலத்தில் அக்குழந்தையின் விரல்களைப் பிடிக்க மற்றொரு பெண் வேண்டும். அவருக்குரிய ஊதியத்தையும் அதே கணக்கில் முதலிலேயே எழுதிவிட வேண்டும்.