விறகுக் கட்டும் வியாபார நேர்மையும்

(ஜும்ஆ உரை)

 

 

இன்று விறகு வாங்குவதைப் பற்றிப் பேச நினைக்கிறேன். மிம்பரில் நின்று பேச வேண்டிய விஷயமா இது என்று சிலருக்குத் தோன்றலாம். 2006இல் அறிவிக்கப்பட்ட மாநில அரசின் இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், 2016இல் வந்த உஜ்வலா திட்டமும் நம் பெண்களைப் புகையிலிருந்து பெருமளவு மீட்டுவிட்டன என்பது உண்மைதான். ஆயினும் வலீமா விருந்துக்குத் தேக்சா ஏற்றினால் அடியில் எரிவது விறகு. ரமலானில் மேலப்பாளையம் முதல் காயல்பட்டினம் வரை எத்தனையோ பள்ளிவாசல்களில் அஸருக்கு முன் கொதிக்கும் நோன்புக் கஞ்சிக்கும் பெரும்பாலும் விறகுதான். பொதுப் பணத்தில் வாங்குகிறோம், ஏழைகளிடமிருந்து வாங்குகிறோம். ஆகவே இதில் கணக்கு உண்டு. மறுமையிலும் உண்டு.

விறகு சுமப்பது இழிவான தொழில் என்ற எண்ணம் நம்மில் சிலருக்கு இருக்கிறது. கயிற்றை எடுத்துக்கொண்டு போய், ஒரு கட்டு விறகை முதுகில் சுமந்து வந்து விற்றுத் தன் மானத்தைக் காத்துக்கொள்வது, பிறரிடம் கையேந்துவதைவிட ஒருவனுக்குச் சிறந்தது என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி). உழைப்புக்கு உதாரணம் சொல்ல எத்தனையோ தொழில்கள் இருக்க, அண்ணலார் விறகுச் சுமையை எடுத்துச் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நான் சிறுவனாக இருந்த காலத்தில், பொதிகை மலையடிவாரத்து ஊர்களிலிருந்து பெண்கள் தலைச்சுமையாக விறகு கொண்டு வருவார்கள். விடியுமுன் மலைக்குப் போய், வெயில் ஏறிய பின் இறங்கி, ஊர் வந்து சேர மாலையாகிவிடும். எங்கள் வீட்டு வாசலில் ஒருநாள் ஒரு மூதாட்டி சுமையை இறக்கினார். அவர் சொன்ன விலையில் பாதிக்கு நான் கேட்டேன். அப்போது எனக்குப் பதினாறு வயதிருக்கும். பேரம் பேசுவதைச் சாமர்த்தியம் என்று நினைத்த வயது. அவர் தயங்கினார். "பொழுது இறங்கிவிட்டது, இனி யார் வாங்குவார்கள்?" என்றேன். "இதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன், தம்பி?" என்று சொல்லிக் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். உள்ளேயிருந்து இதைக் கேட்ட என் உம்மா அன்றிரவு என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில், "அவள் விலைக்குச் சம்மதிக்கவில்லை, பொழுதுக்குச் சம்மதித்தாள்" என்று மட்டும் சொன்னார்கள். அந்த மூதாட்டியை மீண்டும் கண்டு பாக்கியைக் கொடுக்க எனக்கு வாய்க்கவில்லை.

பின்னர் மார்க்கக் கல்வி கற்றபோது உம்மாவின் சொல்லுக்கு ஆதாரம் கிடைத்தது. சரக்கோடு வருகிறவர்களை அவர்கள் சந்தையை அடையுமுன் வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நபியவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கிவிட்டால், விற்றவர் சந்தைக்கு வந்து விலை அறிந்த பிறகு அந்த வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்றும் சொன்னார்கள் (முஸ்லிம்). விலை தெரியாதவரின் அறியாமை வாங்குபவருக்கு இலாபமாகிவிடக் கூடாது என்பதே இதன் உட்பொருள். என் செயல் அதே தடைக்குள் வருமா என்று கேட்டால், வராது என்று சட்டம் படித்தவர்கள் சொல்லக்கூடும். அந்த மூதாட்டிக்கு விலை தெரிந்தே இருந்தது. ஆனால் அவருடைய இயலாமையை நான் விலையாக்கினேன். என் மனம் இன்றும் அதைச் சரி என்று சொல்லவில்லை.

இந்தத் தலைச்சுமை இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டது. 1988இல் களக்காடு, முண்டந்துறை சரணாலயங்கள் இணைக்கப்பட்டுப் புலிகள் காப்பகமாயின. 1990களின் நடுவில் உலக வங்கி உதவியோடு அடிவாரக் கிராமங்களில் வனக்குழுக்கள் அமைக்கப்பட்டு, விறகு வெட்டிப் பிழைத்தவர்களுக்கு மாற்றுத் தொழிலுக்குக் கடனுதவி கிடைத்தது. தாமிரபரணியும் அதன் துணையாறுகளும் பிறக்கும் காடு அது. அதை வெட்டினால் ஆறு மெலியும். ஆகவே காப்பகத்துக்குள் களவாக வெட்டிய விறகை, மலிவாகக் கிடைக்கிறது என்று அறிந்தே வாங்குவது நமக்கு ஆகுமானதல்ல. வழக்கத்தைவிட மிக மலிவாக ஒரு பாரம் வாசலுக்கு வந்தால், "எங்கே வெட்டியது?" என்று கேட்பது வாங்குபவரின் கடமை.

இப்போது நம் பக்கத்தில் விற்பனைக்கு வருவது பெரும்பாலும் சீமைக் கருவேலம். உடையும் வேம்பும் புளியும் இடையிடையே வரும். தென்னை மட்டையும் பனை மட்டையும் குபீரென்று எரிந்து அடங்கிவிடும், பற்றவைக்க நல்லவை. கருவேலத்தின் கங்கு நின்று கனலும். மூடிமேல் கங்கு போட்டுத் தம் வைக்கும் சமையற்காரர்கள் அதைத்தான் கேட்பார்கள். முருங்கையும் இலவும் எடைக்கு வாங்கினாலும் நட்டம், கட்டுக்கு வாங்கினாலும் நட்டம்.

விலையை எப்படி மதிப்பது? இங்கே பலர் ஏமாறுவது எடையில் அல்ல, ஈரத்தில். அன்று வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீராக இருக்கும். நன்றாகக் காய்ந்த விறகிலும் ஐந்தில் ஒரு பங்கு ஈரம் தங்கும். பாதி ஈரமுள்ள 100 கிலோ பச்சை விறகு அந்த அளவுக்குக் காய்ந்தால் 62½ கிலோதான் நிற்கும். பேச்சுக்குக் காய்ந்த விறகு கிலோ 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 62½ கிலோவுக்கு 500 ரூபாய். அப்படியானால் பச்சை விறகுக்குக் கிலோ 5 ரூபாய்க்கு மேல் கொடுப்பது நட்டம். அதைக் காயவைக்காமல் அப்படியே எரித்தால், மிகுந்துள்ள தண்ணீரை ஆவியாக்கவே வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடும், புகை வேறு. அப்போது ஐந்து ரூபாயும் அதிகம்தான். விற்பவரிடம் சண்டை போடாமல் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், நேர்மையானவர் ஒப்புக்கொள்வார்.

ஈரத்தை அறிய இயந்திரம் வேண்டியதில்லை. வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விளிம்புக்கு வெடிப்பு ஓடியிருக்கிறதா, பட்டை தானாகக் கழன்று வருகிறதா என்று பாருங்கள். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது கணீரென்று ஒலிக்கும். பச்சை மொத்தென்று அடங்கும். கட்டின் மேல் துண்டை அல்ல, நடுவில் உள்ளதை உருவிப் பாருங்கள். இதைச் சந்தேகப் புத்தி என்று யாரும் நினைக்க வேண்டாம். மதீனாவின் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரத்தைக் கண்டு, அதை ஏன் மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கவில்லை என்று கண்டித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள் (முஸ்லிம்). அந்த வியாபாரி மழையில் நனைந்தது என்றார். நனைந்தது அவர் குற்றமல்ல, மறைத்ததே குற்றம். நம்மூர் விறகிலும் அதே நியாயம். பச்சையைப் பச்சை என்று சொல்லி விற்பவர் மீது எந்தப் பழியும் இல்லை. நடுவில் பச்சையும் சுற்றிலும் காய்ந்ததுமாக வைத்துக் கட்டுபவர் அந்தத் தானிய வியாபாரியின் வரிசையில் நிற்கிறார்.

எடை போடாமல் கட்டாகவோ குவியலாகவோ பார்த்து வாங்கலாமா என்று கேட்கிறார்கள். இருவரும் கண்ணால் கண்டு பொருந்திக்கொண்டால் வாங்கலாம். நபியவர்கள் காலத்தில் உணவுப் பொருளைக் குவியலாக மதிப்பிட்டு வாங்கியிருக்கிறார்கள் என்பது இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பிலிருந்து விளங்குகிறது. ஆனால் ஒரு கட்டு என்பது ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். முதல் முறையாவது ஒரு கட்டைத் தராசில் வைத்துப் பார்த்துவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. டன் கணக்கில் வாங்கும்போது லாரியை எடைமேடையில் ஏற்றி, பாரத்தோடு ஒரு முறையும் இறக்கிய பின் ஒரு முறையும் எடைபோட்டுச் சீட்டு வாங்குங்கள்.

அளவையில் மோசடி செய்வோரைப் பற்றி இறங்கிய அல்முதஃப்பிஃபீன் அத்தியாயம், தாம் வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கிப் பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைச் சாடுகிறது. அது கடைக்காரருக்கு மட்டும் என்று நினைக்கிறோம். காய்ந்த விறகாக நிறுத்து வாங்கிக்கொண்டு, "கொஞ்சம் பச்சையாக இருந்தது" என்று பொய் சொல்லிப் பணத்தில் பிடித்தம் செய்யும் வாடிக்கையாளரும் அந்த வசனங்களின் முன் ஒருமுறை நின்று பார்க்கட்டும்.

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக அவர்களுடைய பணியாள் 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரையை விலைபேசி வந்தார். குதிரையைக் கண்ட ஜரீர் அவர்கள், இது அதைவிடப் பெறும் என்று விற்பவரிடமே சொல்லிச் சொல்லி விலையை உயர்த்தி, 800 கொடுத்து வாங்கினார்கள் (தப்ரானி). எல்லா முஸ்லிம்களுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் அவர்கள் செய்த பைஅத்தே அதற்குக் காரணம். அந்த உயரத்துக்கு நம்மால் ஏற முடியாது போகலாம். 300 பெறுமானதை 150க்குக் கேட்காமலாவது இருக்கலாமே!

இறுதியாக ஒரு கசப்பான விஷயம். கபரஸ்தானிலும் வக்ஃபு நிலங்களிலும் கருவேலம் மண்டிக்கிடக்கிறது. 2017இல் சீமைக் கருவேலத்தை அகற்றுமாறு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வலியுறுத்தியபோது பல ஊர்களில் வெட்டினார்கள், இப்போதும் வெட்டுகிறார்கள். வெட்டிய மரம் யாருடையது? வக்ஃபுக்குரியது. "சுத்தம் செய்து கொடுத்தால் போதும்" என்று வேண்டியவருக்குச் சும்மா தூக்கிக் கொடுக்க எந்த நிர்வாகிக்கும் உரிமை இல்லை. அறிவிப்புச் செய்து, ஜமாஅத்தார் முன்னிலையில் ஏலம் விடுங்கள். ஓர் அன்ஸாரித் தோழரின் விரிப்பையும் கிண்ணத்தையும் நபியவர்களே, இதைவிட அதிகம் தருபவர் யார் என்று கேட்டு இரண்டு திர்ஹத்துக்கு விற்று, அதில் ஒரு கோடரி வாங்கச் செய்து, விறகு வெட்டி விற்க அனுப்பிய செய்தி அபூதாவூதில் இருக்கிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் குறை சொல்லப்பட்டாலும், ஏலம் ஆகுமானது என்பதில் பெரும்பாலான அறிஞர்களுக்கு ஐயமில்லை. ஆனால் வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடுவதும், நான்கு பேர் முன்கூட்டியே கூடிப் பேசி விலையை அடக்கி வைப்பதும் கூடாது. முன்னதை நஜ்ஷு என்று ஹதீஸே தடுத்திருக்கிறது.

நம் பள்ளியின் நோன்புக் கஞ்சிக்கு இந்த ஆண்டு விறகை ரமலான் பிறையைப் பார்த்த பிறகு அவசரமாக வாங்க வேண்டாம் என்று நிர்வாகத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். மழைக்கு முன்பே வாங்கிப் பிளந்து, தரையில் படாமல் கற்கள் மேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டுப் பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள். பச்சையாக வாங்கினால் பச்சைக்குரிய விலை. எடைமேடைச் சீட்டை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பிளக்க வருபவரின் கூலியை அன்றைய மஃரிபுக்கு முன் கொடுத்துவிடுங்கள்.