துண்டு வீசும் முன்னே!



கோடையிலே கண்மாய் வற்றும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். ஊத்தாவும் வலையும் ஏந்தி ஊரே இறங்கும். கெண்டையும் கெளுத்தியும் விராலும் வந்து குவியும். அன்று நம் புதுக்கோட்டைச் சீமையின் சிற்றூர்களிலே மீன் மணக்காத அடுக்களை உண்டோ? அந்த மீனுக்குள்ளே என்ன இருக்கிறதென்று எவரேனும் கேட்டதுண்டோ?

"தண்ணீர் தெளிந்துதானே இருக்கிறது" என்பீர்கள். ஜப்பானிலே மினமாட்டா விரிகுடாவும் தெளிந்துதான் கிடந்தது! சிஸ்ஸோ என்னும் ஆலை கழித்த மெத்தில் பாதரசம் அதிலே கலந்தது. நுண்ணுயிரைச் சிறுமீன் தின்றது. சிறுமீனைப் பெருமீன் தின்றது. படிக்குப் படி நஞ்சு செறிந்தது. பூனைகள் வெறிகொண்டு துள்ளி மடிந்தன. 1956-இல் நோய் வெளிப்பட்டது. 1959-இல் ஆலையின் மருத்துவரே கழிவைப் பூனைக்கு ஊட்டி, உண்மையைக் கண்டார். முடிவு மூடி மறைக்கப்பட்டது. அரசு வாய் திறந்தது எப்போது? 1968-இல்! பன்னிரண்டு ஆண்டுகள்! அதற்குள் எத்தனை தாய்மார், தம் உடலில் பெரிதாக ஒரு குறியுமின்றி, கருவிலேயே நஞ்சுண்ட மகவை ஈன்றனர்!

நாடகம் எழுதுகிறவன் நான். என் மேடையிலே கொடியவன் நுழைந்தால் முரசு முழங்கும். பாதரசமோ நிறமின்றி, மணமின்றி, குழம்பின் சுவையும் குன்றாமல் நுழைகிறது. கொதிக்க வைத்தாலும் போவதில்லை.

ஜப்பான் தொலைவு என்பாரும் உளர். கொடைக்கானல் தொலைவா? அங்கே இந்துஸ்தான் லீவரின் வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசம் கண்டதாக 2006-இல் ஆய்வாளர்கள் எழுதினர். மீனை அறுத்துப் பார்த்ததால் அல்லவா அது தெரிந்தது!

நம் கண்மாயில் நஞ்சு என்று நான் கூறவில்லை. பீதி கிளப்புவது என் தொழிலன்று. அளந்து சொல்லுங்கள் என்கிறேன். கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கும் விளங்குகிற வேலைதான் அது. மீன் தசையில் ஒரு துண்டை அமிலத்திலே கரைத்து, பாதரசத்தை ஆவியாக்கி, அந்த ஆவி எவ்வளவு ஒளியை விழுங்குகிறதென்று கருவியால் அளப்பார்கள். நீரை மட்டும் அளந்தால் போதாது. பிற மீனைத் தின்று வளரும் விராலை அளக்க வேண்டும்.

வெள்ளாற்றங்கரைத் தோழர்களே, கிளைக்கூட்டத்திலே தீர்மானம் எழுதுங்கள்: துண்டு வீசும் முன்னே விரால் சோதனைச்சாலைக்குப் போகட்டும், முடிவு, எண்ணோடு, ஊராட்சி மன்றச் சுவரிலே ஏறட்டும்.