சுழல்காற்றும் தகரக் கூரையும்



புயல் வருவதை வானொலி சில நாள் முன்பே சொல்லிவிடும். சுழல்காற்று அப்படி அல்ல. சில நிமிடங்களில் வந்து போய்விடும்.

மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் கோடை மாலைகளில் இடிமழை வரும். அதற்குக் 'கால்பைசாகி' என்று பெயர். பைசாக் என்றால் நம் சித்திரை. சில சமயம் அந்தக் கருமேகத்திலிருந்து யானைத் தும்பிக்கை போலக் காற்று தரைக்கு இறங்கும். அதுதான் சுழல்காற்று.

1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தில் சாட்டுரியா ஊரை அது அழித்தது. ஏறக்குறைய 1,300 பேர் மாண்டார்கள். 2024 மார்ச் 31 அன்று மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்திலும் சூறைக்காற்றில் வீடுகள் விழுந்தன, உயிர்கள் போயின.

காற்றை விடப் பொல்லாதது, அது தூக்கி வீசும் பொருள். அங்கே பல வீடுகளுக்குத் தகரம்தான் கூரை. ஏழைக்கு அது நல்ல கூரைதான். ஆனால் பிய்ந்து பறந்தால் அரிவாள் போல வெட்டும்.

அதனால் வானம் கறுத்து, பெரும் இரைச்சல் கேட்டால் தகர வீட்டில் இருக்கக் கூடாது. பக்கத்தில் உறுதியான கட்டடம் இருந்தால் உடனே அங்கே போக வேண்டும். சன்னல் இல்லாத உள்ளறையில், சுவரோரம் குனிந்து உட்கார வேண்டும். தலையைக் கையால் மூடிக்கொள்ள வேண்டும். வயலில் அகப்பட்டவர் பள்ளத்தில் குப்புறப் படுக்க வேண்டும். மரத்தடி ஆகாது.

மாட்டை அவிழ்க்கப் பலர் ஓடுவார்கள். மாடு பெரிய சொத்து, மனம் கேட்காதுதான். ஆனால் முடிச்சு அவிழ்க்கும் நேரம்கூட இருக்காது.

பள்ளிக்கூடம் உறுதியான கட்டடம்தான். ஆனால் மாலையில் அது பூட்டிக் கிடக்கும். சாவி யாரிடம் இருக்கும் என்பதை ஊரார் கோடைக்கு முன்பே பேசி வைக்க வேண்டும்.