காத்திருப்புப் பட்டியலும் காலி மேசையும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய கருத்தரங்கில் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, 'பிள்ளைக்குப் பள்ளியில் இடம்'. நான் நெகிரி செம்பிலான், ஜெலுபு மாவட்டத்தில், கோலா கிளாவாங் பக்கத்துத் தோட்டப்புறத்தில் வாழ்கிறவன். அங்கிருந்து பார்த்தால் இந்தத் தலைப்பு ஒரு மாதிரித் தெரியும். கிள்ளானிலிருந்தோ ஜொகூர் பாருவிலிருந்தோ பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். பட்டணத்தில் சில தமிழ்ப்பள்ளிகளில் வகுப்பறை போதவில்லை, பிள்ளைக்கு இடமில்லை என்கிறார்கள். தோட்டப்புறத்தில் மேசை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், உட்காரத்தான் பிள்ளை இல்லை.

இவை இரண்டும் தனித்தனிப் பிரச்சினைகள் என்று நினைத்து நாம் தனித்தனிக் கூட்டம் போடுகிறோம். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்பதைத்தான் நான் இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் குலுக்கல்

காத்திருப்புப் பட்டியல் என்றவுடன் உலகத்தில் முதலில் பேசப்படுவது அமெரிக்காவின் சார்ட்டர் பள்ளிகள். அரசாங்கப் பணத்தில் நடக்கும், கட்டணம் கிடையாது, ஆனால் நிர்வாகம் தனி. 1991ஆம் ஆண்டு மின்னசோட்டா மாநிலம் முதன்முதலில் இதற்குச் சட்டம் போட்டது. அடுத்த ஆண்டே செயின்ட் பால் நகரத்தில் முதல் பள்ளி திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு பல மாநிலங்களில் இவை பரவின.

இந்தப் பள்ளிகளுக்கு ஒரு விதி உண்டு. இருக்கும் இடத்தைவிட மனு அதிகமாக வந்தால், நல்ல மதிப்பெண் வாங்கியவனா, பெரிய வீட்டுப் பிள்ளையா என்று பார்த்துப் பொறுக்கக்கூடாது. பெயரை எழுதிப் போட்டுக் குலுக்கல் எடுக்க வேண்டும். பெயர் வராத பிள்ளை காத்திருப்புப் பட்டியலுக்குப் போகும். பெற்றோர் மண்டபத்தில் உட்கார்ந்து கண் கலங்குவதை 2010ஆம் ஆண்டு ஆவணப்படமாகவே எடுத்துக் காட்டினார்கள்.

2014ஆம் ஆண்டில், சார்ட்டர் பள்ளிகளுக்கான தேசியக் கூட்டமைப்பு ஒரு கணக்கை வெளியிட்டது. பத்து லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் பட்டியலில் காத்திருக்கின்றன என்றது. பத்து லட்சம்! கேட்டவர்கள் மலைத்துப்போனார்கள். ஆனால் நேயர்களே, அவர்கள் சொன்ன சொல்லைக் கவனியுங்கள். பத்து லட்சம் 'பெயர்கள்'. ஒரு தாய் தன் ஒரே பிள்ளைக்கு ஐந்து பள்ளியில் மனு போட்டால் அது ஐந்து பெயர். பிள்ளை என்னவோ ஒன்றுதான். கொலராடோ பல்கலைக்கழகத்தின் கல்விக் கொள்கை ஆய்வாளர்கள் அதே ஆண்டில் இதைச் சுட்டிக்காட்டினார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தணிக்கையாளரும் 2014ஆம் ஆண்டின் இறுதியில் தன் மாநிலத்துப் பட்டியல் சரியான கணக்கு இல்லை என்று அறிக்கை கொடுத்தார்.

ஆனாலும் அந்தப் பட்டியலைக் காட்டித்தான் இன்னும் சார்ட்டர் பள்ளிகள் வேண்டும் என்று அந்த மாநிலத்தில் பெரிய பிரச்சாரம் நடந்தது. 2016 நவம்பரில் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஏறக்குறைய 62 விழுக்காட்டினர் வேண்டாம் என்று வாக்களித்துவிட்டார்கள். புதுப் பள்ளிக்குப் பணம் போனால் எங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் கதி என்ன என்பதுதான் அவர்களில் பலருடைய கேள்வி.

கூட்டம் உள்ள கடையில் சாப்பாடு நன்றாக இருக்குமா?

கூட்டமாக இருக்கும் கடையில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று நாம் நினைப்போம். பள்ளிக்கும் அது பொருந்துமா?

இதையும் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தார்கள். குலுக்கலில் பெயர் வந்த பிள்ளையையும் வராத பிள்ளையையும் சில ஆண்டு கழித்து ஒப்பிட்டார்கள். பாஸ்டன் நகரத்தில் பெயர் வந்த பிள்ளைகள் நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். ஆனால் 2010ஆம் ஆண்டு வெளிவந்த இன்னொரு ஆய்வு, 15 மாநிலங்களில் 36 நடுநிலை சார்ட்டர் பள்ளிகளைப் பார்த்தது. எல்லாமே இடத்தைவிட மனு அதிகமாக வந்த பள்ளிகள். சராசரியாகப் பார்த்தால் தேர்வு மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஏழைப் பிள்ளைகளுக்குக் கணிதத்தில் பலன் இருந்தது. வசதியான பிள்ளைகளுக்கு அந்தப் பலன் இல்லை.

ஆக, காத்திருப்புப் பட்டியல் நமக்குச் சொல்வது ஒன்றுதான். பெற்றோர் எங்கே போக விரும்புகிறார்கள் என்பதை அது சொல்லும். வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது. அதேபோல, காலி மேசையும் அந்தப் பள்ளி மோசம் என்பதற்குச் சாட்சி ஆகாது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம்.

ஆள் போனார்கள், பள்ளி நின்றது

நம் நாட்டில் தமிழ்க் கல்வி 1816ஆம் ஆண்டு பினாங்கில் தொடங்கியது. இருந்தாலும் பெரும்பாலான தமிழ்ப்பள்ளிகள் பிறந்தது பால்மரக் காட்டில்தான். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் ஏழு வயதிலிருந்து பதினான்கு வயது வரை பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. லயம் எங்கே இருந்ததோ, அங்கே பள்ளி வந்தது. 1957இல், சுதந்திரத்தின்போது, 880-ஐ ஒட்டிய எண்ணிக்கையில் தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறக்குறைய 530. எங்கள் நெகிரி செம்பிலானில் 61 பள்ளிகள் என்பது நாம் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்கு.

இடையில் என்ன நடந்தது? பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்குப் பழைய அளவுக்கு ஆள் தேவைப்படவில்லை. பல தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டன. நீலாய், சிரம்பான், செண்டாயான் பக்கம் தோட்டம் இருந்த நிலமெல்லாம் தாமான் ஆயிற்று, தொழிற்பேட்டை ஆயிற்று. நம் ஆட்கள் வேலை தேடிப் பட்டணத்துக்குப் போனார்கள். பள்ளியோ நட்ட இடத்திலேயே நின்றது.

சில இடத்தில் பட்டணமே பள்ளியைத் தேடி வந்தது. கோலாலம்பூருக்குள்ளேயே புக்கிட் ஜாலில் தோட்டத் தமிழ்ப்பள்ளி, எடின்பர்க் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று இருக்கின்றன. தோட்டம் போய்விட்டது, பெயரில் மட்டும் நிற்கிறது. அப்படிப்பட்ட பள்ளிகளுக்குப் பிள்ளைகளும் வந்தார்கள். பட்டணம் வராத ஜெலுபு போன்ற மாவட்டத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மொத்தக் கணக்கும் சுகமாக இல்லை. 2000ஆம் ஆண்டுகளின் இறுதியில் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்தார்கள். இன்று எண்பதாயிரத்தை ஒட்டி நிற்கிறோம். நம் வீடுகளில் பிள்ளைப்பேறும் குறைந்துவிட்டது. ஆகவே பட்டணப் பள்ளியில் இடமில்லை என்ற செய்தியைக் கேட்டுத் தமிழ்ப்பள்ளிகள் பெருகுகின்றன என்று யாரும் மகிழ்ந்துவிட வேண்டாம். குறைந்துவரும் தண்ணீர் ஒரு பள்ளத்தில் தேங்கி நிற்கிறது, அவ்வளவுதான்.

சின்னப் பள்ளியின் நிறையும் குறையும்

முப்பதுக்கும் குறைவான மாணவர்கள் உள்ள பள்ளியில் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரே வகுப்பாக நடத்துவதுண்டு. முதலாமாண்டும் இரண்டாமாண்டும் ஒரே அறையில் உட்காரும். இதைக் கேட்டவுடன் பெற்றோருக்குப் பயம் வருகிறது. வேனைப் பிடித்துப் பிள்ளையைச் சிரம்பானுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறார்கள்.

அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நாற்பது கிலோமீட்டர் தூரம். புக்கிட் தங்கா மலைப்பாதை வளைந்து வளைந்து போகும். ஏழு வயதுப் பிள்ளையை இருட்டோடு எழுப்பி, தூக்கக் கலக்கத்தோடு வேனில் ஏற்றி, வாந்தியோடு இறக்கினால் முதல் பாடத்தில் அது என்ன படிக்கும்? வேன் கட்டணம் மாதா மாதம் எத்தனை வெள்ளி? இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் அல்லவா?

சின்னப் பள்ளியில் ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் எழுத்தும் தெரியும், அதன் வீட்டுக் கஷ்டமும் தெரியும். எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்தது என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் இது நடக்குமா? ஆனால் குறையையும் மறைக்கக்கூடாது. காற்பந்துக்குப் பதினொரு பேர் சேராது. போட்டி இருக்காது. எந்நேரமும் பள்ளியை மூடிவிடுவார்களோ என்ற எண்ணம் ஆசிரியர் மனத்திலும் பெற்றோர் மனத்திலும் இருக்கும். அந்த எண்ணமே பாதிப் பிள்ளைகளை விரட்டிவிடும்.

உரிமத்தை மாற்றலாமா?

இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறேன். புதிதாக ஒரு தமிழ்ப்பள்ளிக்கு அனுமதி வாங்குவது லேசான காரியம் அல்ல. 2012ஆம் ஆண்டு ஆறு புதிய தமிழ்ப்பள்ளிகள் அறிவிக்கப்பட்டன. அதில் பண்டார் மக்கோத்தா செராசும் ஒன்று. அறிவிப்பு வந்த பிறகும் கட்டடம் எழுந்து பிள்ளைகள் உள்ளே போகச் சில ஆண்டுகள் ஆயின. அதனால்தான் மாணவர் குறைந்த தோட்டப் பள்ளியின் உரிமத்தைப் பட்டணத்துத் தாமானுக்கு மாற்றும் வழியைப் பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நல்ல வழிதான். மூடிப்போய் உரிமமே இல்லாமல் போவதைவிட, தேவை உள்ள இடத்தில் பள்ளி வாழட்டும். ஆனால் என் கேள்வி இதுதான். அந்தத் தோட்டத்தில் மிச்சமிருக்கும் எட்டுப் பிள்ளையோ பத்துப் பிள்ளையோ நாளைக் காலையில் எங்கே போகும்? பட்டணத்தில் இடம் கேட்டு நிற்கும் பெற்றோருக்குப் பட்டியலில் ஒரு எண் இருக்கிறது, பேச ஒரு சங்கம் இருக்கிறது. தோட்டத்தில் மிச்சம் இருப்பவர்கள் யார்? போக வசதி இல்லாதவர்கள்தான். கார் இருந்தவர் போய்விட்டார், நல்ல வேலை கிடைத்தவர் போய்விட்டார். கடைசியாக இருப்பவர் எந்தப் பட்டியலிலும் இல்லாதவர். அவருடைய பிள்ளையின் செலவில் நாம் பட்டணத்துக் காத்திருப்புப் பட்டியலைக் குறைக்கக்கூடாது.

என்ன செய்யலாம்?

நான்கு காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, கணக்கு. ஒவ்வொரு மாவட்டத்திலும் பள்ளி வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் சேர்ந்து ஒரே பட்டியல் வைத்திருக்க வேண்டும். மனுவை எண்ண வேண்டாம், பிள்ளையை எண்ணுங்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று பள்ளியில் பெயர் கொடுத்திருந்தாலும் பட்டியலில் ஒரே வரிதான் இருக்க வேண்டும். எந்தத் தாமானில் நான்கு வயதில் எத்தனை பிள்ளை, ஐந்து வயதில் எத்தனை பிள்ளை என்று பாலர் பள்ளியிலேயே விசாரித்தால் தெரிந்துவிடும். இந்தக் கணக்கோடு கல்வி அமைச்சுக்குப் போனால் நம் பேச்சுக்கு மதிப்பிருக்கும். வெறும் ஆதங்கத்தோடு போனால் ஒரு தேநீர் கிடைக்கும்.

இரண்டாவது, பதிவு. முதலாமாண்டுப் பதிவு இப்போது முன்கூட்டியே இணையம் வழி நடக்கிறது. தோட்டப்புறத்தில் இது தெரியாமல் கடைசி நேரத்தில் ஓடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோவில் திருவிழாவுக்கு வீடு வீடாகப் போய் வசூல் செய்கிறோம். அதே கால்களோடு பதிவுக்கும் போகலாமே!

மூன்றாவது, வேன். அக்கம்பக்கத்து இரண்டு மூன்று தோட்டப் பிள்ளைகளை ஒரு பள்ளிக்குக் கொண்டு சேர்க்க ஒரு வேன் போதும். பல இடங்களில் பள்ளி காலியாக இருப்பதற்குக் காரணம் பிள்ளை இல்லாதது மட்டுமல்ல, கொண்டுவந்து விட ஆள் இல்லாததும்தான். கட்டடத்துக்கு நன்கொடை கேட்டால் கல்வெட்டில் பெயர் வரும் என்று கொடுக்கிறோம். வேனுக்குக் கல்வெட்டு கிடையாது. ஆனாலும் கொடுங்கள்.

நான்காவது, உரிம மாற்றம். மாற்றுங்கள், ஆனால் முதல் நிபந்தனையாக ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். பழைய பள்ளியின் கடைசிப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி, எந்த வேன், கட்டணத்தை யார் கட்டுவது என்று பெயரோடு முடிவு செய்த பிறகுதான் கையெழுத்து. அந்தப் பிள்ளை ஆறாமாண்டு முடிக்கும் வரை அந்தப் பொறுப்பு இருக்க வேண்டும்.

பட்டணத்துப் பெற்றோரே, உங்கள் பிள்ளைக்கு இடம் கிடைக்கட்டும். அதற்காக எங்கள் பக்கத்து மேசையைத் தூக்கிக்கொண்டு போவதாக இருந்தால், அதில் இன்னும் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் தூக்குங்கள்.